கூறைநாட்டுக் கலவைச் சாந்து

மயிலாடுதுறை கூறைநாட்டில் சிவனுக்குப் பெயர் புனுகீஸ்வரர். புனுகுப்பூனை ஒன்று தன் புனுகைச் சாத்தி லிங்கத்தை வழிபட்டது என்பது தலபுராணம். காவிரிக்கரையில் யானை பூசித்த ஊர் உண்டு, எறும்பு பூசித்த ஊர் உண்டு. பூனையின் வாசனைக்காகச் சாமி பெயர் வாங்கிய ஊர் எங்களுடையது.

அந்தக் கோயிலுக்குச் சில தெருக்கள் தள்ளி எங்கள் நாட்டு மருந்துக் கடை. தாத்தா வைத்தது, அப்பா நடத்தினார், இப்போது கல்லாவில் நான். கூறைப்புடவை நெய்கிற ஊர் என்பதால் கல்யாண வீட்டுக்காரர்கள் புடவை எடுத்த கையோடு எங்கள் பக்கம் வருவார்கள். விரலி மஞ்சள், சந்தனம், பன்னீர், பச்சைக் கற்பூரம் என்று பட்டியல் ஓடும். பட்டியல் முடிந்ததும் பெரியவர் யாராவது குரலைத் தாழ்த்தி, "அசல் புனுகு கிடைக்குமா தம்பி?" என்பார். கிடைக்காது. சொன்னால் நம்ப மாட்டார். உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன் என்றே நினைப்பார்.

வாசனை என்றால் இன்றைக்குப் பாட்டிலைப் பிடித்து அழுத்துவது. நம்மவர்களுக்கு நெடுங்காலம் அது அரைத்துப் பூசுவது. நீராக இருந்தது பன்னீர் ஒன்றுதான். அதுவும் வந்தவர்கள் மேல் தெளிக்க. மார்பில், கழுத்தில், தோளில் நிற்க வேண்டிய வாசனை குழம்பாகவோ வில்லையாகவோ பொடியாகவோதான் இருந்தது. வெயில்தான் காரணம் என்பது என் கணக்கு. சாராயத்தில் கரைத்த வாசனை நம்மூர் வெயிலில் வாசற்படி தாண்டுமுன் பாதி போய்விடும். ஈரச் சந்தனம் முதலில் உடம்பைக் குளிர்விக்கிறது. நீர் உலர்ந்த பிறகு மெல்லிய பொடியாகத் தோலில் ஒட்டி, தன்னிடமுள்ள கனத்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கூடச் சேர்ந்த பூ வாசனையையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் எல்லாச் சாமர்த்தியமும் இந்தப் பிடித்து வைப்பதில்தான்.

எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவள், கலவை கூட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாளே சந்தனக்கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கட்டையின் வெளிவெட்டு வெளுப்பாக இருக்கும். அதில் வாசனை கிடையாது. நடுவயிரம்தான் சந்தனம். பன்னீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டையை ஒரே பக்கமாக வட்டமிட்டு இழைப்பாள். தண்ணீர் கூடினால் சாந்து ஓடும், குறைந்தால் கட்டை கல்லில் கிறீச்சிடும்; அவள் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே பதம் பார்ப்பாள். மாற்றிச் சுற்றினால் என்ன என்று கேட்டதற்கு, "கல்லையே கேளு" என்றாள்.

குங்குமப்பூ தனியாக ஒரு கிண்ணத்தில் பன்னீரில் ஊறிக்கொண்டிருக்கும். அது சாந்துக்கு நிறம். பூலாங்கிழங்கும் கிச்சிலிக் கிழங்கும் இடித்துத் துணியில் சலித்த தூள் ஒரு சிட்டிகை. பிறகு புனுகு. கேரளத்துப் பக்கமிருந்து ஒரு வியாபாரி தகரச் சிமிழில் கொண்டு வருவார். பழுப்பும் மஞ்சளுமாக, வெண்ணெய் பதத்தில் இருக்கும். சிமிழைத் திறந்தால் அடிக்கிற நெடியைப் புகழ்ந்து சொல்ல முடியாது. குழந்தைகள் எழுந்து ஓடுவோம். அப்பாயி அதில் குந்துமணி அளவு எடுத்து ஒரு வெற்றிலையில் தடவி, கரியனலுக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். உருகி ஓடும்போது ஒட்டியிருந்த மயிரும் தூசியும் இலையிலேயே தங்கும். உருகியதைச் சந்தனத்தில் இறக்கிக் குழைப்பாள். பச்சைக் கற்பூரம் கடைசியில், மிளகளவு. முதலிலேயே போட்டால் வேலை முடிவதற்குள் பறந்துவிடும்.

அன்றைக்கே மோந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சந்தனம் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தெரியும். வெள்ளிப் பேலாவில் இட்டு மூடி, "ராத்திரிக்கு ஒண்ணோடொண்ணு பேசட்டும்" என்று வைத்துவிடுவாள். காலையில் திறந்தால் பூனை இருக்காது. சந்தனம்தான் இருக்கும், ஆனால் நேற்றுப் பார்த்த சந்தனத்தைவிட வெதுவெதுப்பாக, மனிதத் தோலுக்கு இன்னும் நெருக்கமாக. மிஞ்சியதை வில்லையாகத் தட்டி நிழலில் காயவைத்து, வெட்டிவேரோடு புடவைப் பெட்டிக்குள் போடுவாள். வேண்டியபோது ஒரு வில்லையைத் தண்ணீர் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தால் போதும்.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் அல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரிலிருந்து பூம்புகார் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பேருந்துத் தூரம்தான். சிலப்பதிகாரத்தில் அந்த ஊர்த் தெருவில் சாந்தும் சுண்ணமும் பூவும் புகைப்பொருளும் கூவி விற்றுக்கொண்டு திரிகிறவர்கள் வருகிறார்கள். கடலாடு காதையில் மாதவி நீராட, பத்து வகைத் துவர்ப்பொருளும் விரை என்கிற ஐந்து வகை வாசனைப் பொருளும் ஓமாலிகை என்கிற முப்பத்திரண்டு வாசனைச் சரக்கும் ஊறிய நீர் வருகிறது. உ.வே.சாமிநாதையர் 1892ல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். அந்த முப்பத்திரண்டும் என்னென்ன என்பது அந்த உரையில் கிடைக்கிறது. முதன்முதலில் படித்தபோது எங்கள் கடைச் சரக்கு இருப்பேட்டைப் புரட்டுகிறோமா என்று தோன்றியது. இலவங்கம், ஏலம், தக்கோலம், நன்னாரி, இலாமிச்சம், கச்சோலம், மாஞ்சி. பாதிக்கு மேல் இன்றும் இழுப்பறையைத் திறந்து எடுத்துத் தருவேன். அதே பட்டியலில் கத்தூரியும் புழுகும் இருக்கின்றன. புழுகு வேறொன்றும் இல்லை, எங்கள் ஊர்ச் சாமிக்குப் பெயர் தந்த சரக்கேதான்.

விரை ஐந்தும் கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம். இந்த ஐந்தில் சந்தனம் மட்டுமே நம் மலையில் தாராளமாக விளைந்தது. கோட்டம் இமயமலைச் சரிவிலிருந்து, அகில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து. வீட்டில் கூட்டிய சாந்து என்று பெயர். சாமான் பாதி கப்பலிலும் பொதிமாட்டிலும் வந்தது. நெடுநல்வாடையில் இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. கூதிர்காலம், குளிரில் யாருக்கும் சந்தனம் வேண்டியிருக்கவில்லை, வடநாட்டிலிருந்து வந்த வட்டக்கல்லும் தெற்கே விளைந்த சந்தனமும் சும்மா கிடக்கின்றன, அதற்குப் பதில் அகில் புகைக்கிறார்கள். அரைக்கிற கல்கூட இறக்குமதி! சந்தனம் வெயில்காலத்துப் பொருள் என்பது அன்றைக்கே தெளிவாக இருந்திருக்கிறது.

பச்சைக் கற்பூரத்துக்குச் சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகம் பேர்போனது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. மிளகளவு கற்பூரத்துக்குப் பின்னால் இவ்வளவு கடல் இருக்கிறது. இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி ஆலையில் செய்தது. நானும் அதைத்தான் விற்கிறேன்.

எங்கள் கடையில் அரகஜா என்று ஒரு கறுப்பு மை உண்டு. சின்னச் சிமிழ், நெற்றிக்கு இட்டால் திருஷ்டி விலகும், காரியம் கைகூடும் என்று வாங்கிப் போவார்கள். ஜோசியர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்பவர்களே அதிகம். இதன் பழைய விலாசம் வேறு. அக்பர் அரண்மனை நடைமுறைகளை அபுல் ஃபசல் எழுதிவைத்த ஆயினி அக்பரியில் வாசனைப் பொருள்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் அரகஜாவுக்குச் செய்முறை வருகிறது: சந்தனம், அகிலிலிருந்து இறக்கிய சுவா, கற்பூரம், பன்னீர். கோடையில் உடம்பு குளிர்ச்சியாக இருக்கப் பூசிக்கொள்வது. அக்பர் அரண்மனையில் வெயிலுக்குப் பூசிக்கொண்டது நானூறு ஆண்டு கழித்து மயிலாடுதுறையில் ஜோசியக் கட்டத்துக்குப் பரிகாரமாக நிற்கிறது. பூசியவர்கள் போய்விட்டார்கள், சிமிழ் மட்டும் கைமாறிக்கொண்டே வந்துவிட்டது. இப்போதைய சிமிழில் இருப்பது அந்தச் சரக்கு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அதே நூலில் புனுகைப் பற்றியும் வருகிறது: சுமத்ராவின் ஆச்சே பக்கத்திலிருந்து வருவதே உசத்தி என்று. அந்தக் காலத்தில் இந்தப் பூனைக்கு இருந்த மவுசு உலகம் முழுக்க. ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டீஃபோ 1692ல் லண்டன் பக்கத்தில் எழுபது புனுகுப்பூனைகளை விலைக்கு வாங்கிப் பண்ணை நடத்தப் பார்த்தார். அதே ஆண்டு திவாலானார். பூனை மட்டுமே காரணம் அல்ல, வேறு கடன்களும் இருந்தன. எத்தியோப்பியாவில் ஆப்பிரிக்கப் புனுகுப்பூனையிடம் எடுத்ததை மாட்டுக்கொம்பில் அடைத்து ஏற்றுமதி செய்தார்கள். அந்த வியாபாரம் நம் காலம் வரை நீண்டது.

நம்மூர்ப் புனுகுப்பூனை சின்னது. வாலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். வாலடியில் உள்ள சுரப்பியில் ஊறுவதைக் கல்லிலும் கட்டையிலும் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்கும். அதைக் கூண்டில் அடைத்து நடுவில் ஒரு கட்டையை நட்டு வைப்பார்கள். பூனை வந்து வந்து தேய்க்கும். கட்டையைச் சுரண்டி எடுப்பார்கள். இது சாதுவான முறை. கூண்டில் திரும்பக்கூட இடம் விடாமல் பிடித்துக்கொண்டு கரண்டியால் வழித்தெடுக்கும் முறையும் உண்டு. அப்பாயி கலவையின் மணத்தை இன்றைக்கும் விரும்பிச் சொல்கிறேன். அந்தக் கூண்டை நினைத்தால் சரக்கு வராமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டுக் கலவை நின்றுபோனாலும் கோயிலில் அது நிற்கவில்லை. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருக்கிறார். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் களைந்து, அபிஷேகம் முடிந்து மறுபடி பூசிவிடுவார்கள். களைந்த சந்தனத்துக்கு அன்றைக்கு எவ்வளவு கை நீளும் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். திருவொற்றியூரில் புற்று வடிவான ஆதிபுரீஸ்வரரை ஆண்டு முழுக்கக் கவசத்தில்தான் பார்க்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் கவசம் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். புற்றுக்குத் தண்ணீர் ஆகாது, தைலம் ஆகும். திருமலையிலும் பெருமாளுக்குப் புனுகு சாத்துகிற வழக்கம் உண்டு.

நாகூர் எங்களுக்குப் பக்கம். கந்தூரியின்போது நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு விடியும் முன் தர்கா சேரும். ஷாகுல் ஹமீது நாயகத்தின் சமாதிக்குச் சந்தனம் பூசுவார்கள். எங்கள் கடையில் அந்த வாரம் சந்தனத்தூளும் ஊதுபத்தியும் வாங்க வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. நேர்ந்துகொண்டவர்களுக்குச் சந்தனம் சந்தனம்தான். நாகூரில் தெருவோரம் உட்கார்ந்து அத்தர் விற்கிறவர்கள் பஞ்சில் தொட்டுக் காதுமடலில் வைத்துவிடுவார்கள். எண்ணெய் வாசனையை எங்கள் பக்கத்தில் பழக்கியவர்கள் அவர்களே என்று அப்பா சொல்வார்.

வீட்டில் ஏன் நின்றது? ரசனை மாறிவிட்டது, பெண்களுக்கு நேரமில்லை என்றெல்லாம் சொல்வார்கள். நான் கடைக்காரன், எனக்குத் தெரிந்தது சரக்கு வரத்து. சந்தன மரத்தைத் திப்பு சுல்தான் 1792ல் அரசாங்க மரமாக்கினார் என்பார்கள். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பிடியை விடவில்லை. உன் கொல்லையில் முளைத்தாலும் மரம் சர்க்காருடையது என்றிருந்தது. பறவை எச்சத்தில் விழுந்து வேலியோரம் முளைக்கிற கன்றை, பின்னால் வம்பு வேண்டாம் என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2002ல் சட்டம் திருத்தி, நிலத்துக்காரரே மரத்துக்கு உரிமையாளர் என்றார்கள். வெட்ட இன்றும் அனுமதி வேண்டும். அதற்குள் ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலத்திலும் திருட்டு வெட்டு நடந்து முடிந்துவிட்டது. திருப்பத்தூர் வனத்துறைக் கிடங்கு ஏலமும் மறையூர் ஏலமும் பெரிய கைகளுக்கானவை. வயிரம் பருக்க இருபது முப்பது வருடம் பிடிக்கிற மரம். தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் செருகித்தான் வளரும். தோப்பாகத் தனியே நட்டுவிட்டு லாபம் எதிர்பார்க்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கஸ்தூரி மான் கைக்கெட்டாமல் போயிற்று. புனுகுப்பூனையைப் பிடித்து அடைப்பதும் குற்றமாயிற்று. தகரச் சிமிழ் வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார். இதற்கு முன்பே ஆலையில் செய்த வாசனை வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1926ல் லியோபோல்ட் ருசிச்கா என்ற வேதியியலாளர் புனுகின் மணப்பொருள் பதினேழு கரியணுக்கள் கோத்த ஒற்றை வளையம் என்று கண்டுசொன்னார். அவ்வளவு பெரிய வளையம் குலையாமல் நிற்காது என்பது அதுவரை இருந்த எண்ணம். 1939ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாயி வெற்றிலையில் உருக்கியதும் அதே வளையத்தைத்தான்; அவளுக்கு அளவு குந்துமணி.

இப்போது ஜவ்வாது என்று சின்னக் குப்பியில் வருகிற பொடி அந்தக் கலவையின் பேரப்பிள்ளை. விலையைப் பார்த்தாலே தெரியும், அதில் பூனையும் கிடையாது, பேர்சொல்லும் அளவுக்குச் சந்தனமும் கிடையாது. வாசனைச் சரக்கு சேர்த்த பொடி. அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்பில்லை. விபூதியில் ஒரு சிட்டிகை கலந்து வைத்தால் பூஜை அறை மணக்கிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயம் அல்ல.

சில வருடங்களாகக் கடைக்கு வேறு விதமான ஆட்கள் வருகிறார்கள். கல்லூரிப் பெண்கள், வேலையை விட்டுவிட்டு வீட்டில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள். தேன்மெழுகு கேட்கிறார்கள். மெழுகை உருக்கி, எண்ணெய் சேர்த்து, வாசனைத் தைலம் விட்டுச் சின்ன டப்பாவில் உறையவைத்து சாலிட் பெர்ஃப்யூம் என்று விற்கிறார்கள். புதுசு என்று நினைத்துச் செய்கிறார்கள். அரைத்துப் பூசிய வழக்கத்தின் வேறொரு கிளையாகத்தான் எனக்கு அது தெரிகிறது. சந்தனத்தூள் பிடித்து வைத்ததை இங்கே மெழுகு பிடித்து வைக்கிறது.

அவர்களில் ஒரு பெண் அடிக்கடி வருவாள். முதலில் அவளும் புனுகுதான் கேட்டாள். இல்லை என்றதும் பிடிப்புக்கு வேறென்ன போடலாம் என்றாள். கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் விளைகிற வெட்டிவேரின் தைலத்தைக் காட்டினேன். கனத்த தைலம், கொப்பரையிலிருந்து இறங்கவே நெடுநேரம் பிடிக்கும், இறங்கிய பிறகு தோலை விட்டும் சீக்கிரம் போகாது. கோரைக்கிழங்குத் தைலமும் அந்த ஜாதிதான். இவை அடியில் இருந்தால் மேலே பூ வாசனை கொஞ்ச நேரம் நிற்கும். மல்லிகைக்கு வழி கேட்டாள். மல்லிகையைக் கொதிக்கவிட்டுத் தைலம் இறக்க முடியாது. சூட்டில் அதன் மணம் கெட்டுப்போகும். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளில் கரைப்பான் ஊற்றி எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ மெழுகுச் சத்து தேறும். பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. சில்லறையில் மல்லிகைத் தைலம் என்று மலிவாகக் கிடைத்தால் அது மல்லிகை அல்ல.

எலுமிச்சைத் தோல் தைலம் வேண்டாம் என்றும் சொன்னேன். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கறுத்துப் புண்ணாகும். லவங்கப்பட்டைத் தைலம் எரியும். மற்றபடி அவள் செய்கிற முறை சரியாகவே இருக்கிறது: வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குகிறாள், அறுபது பாகை தாண்டினால் உருகிவிடும். எண்ணெயைச் சேர்த்து இறக்கி, ஓரம் மங்கத் தொடங்கும்போது தைலத்தை விடுகிறாள். பத்து கிராம் மெழுகுக்கு இருபது கிராம் எண்ணெய் என்பது அவள் எங்கோ படித்த கணக்கு. மார்கழியில் அது சரி. பங்குனி, சித்திரையில் டப்பாவுக்குள் கூழாகிவிடும் என்பதால் எண்ணெயைப் பதினைந்து கிராமாகக் குறைக்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெய் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.